முதற்பட்டக் கல்விக்கு யார் பொறுப்பு? – பலெர்மோப் பல்கலைக்கழகமும் எம் பிள்ளைகளும்

எமது பள்ளியின் பெற்றோர் கூட்டமொன்றிலே, தேநீர் வருவதற்குச் சற்று முன்னர், தாயொருவர் எழுந்து கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. "பள்ளிக்கூடத்திலை பிள்ளைக்கு ஒரு குறையெண்டால் பிரெசிதேயிட்டைப் போய்ச் சொல்லலாம். யூனிவேர்சித்தாவிலை ஆரிட்டைப் போறது?" என்றார் அவர். கூட்டத்திலிருந்த நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிலர் 'செக்ரெத்தேரியா' என்றனர். சிலர் 'பேராசிரியரிடம்' என்றனர். ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. தேநீர் வந்தது, பேச்சும் வேறு பக்கம் திரும்பிற்று.

நாம் விடை சொல்ல இயலாது நின்றமை வியப்பன்று. எம்மிற் பலர் எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் இந்நகருக்கு வந்து, வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலும் உழைத்து, பிள்ளைகளை லிச்சேயோ வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள். மத்துரித்தாப் பரீட்சை வரை வழி தெரியும். அதற்கப்பால் எமக்கே புதிய நாடு. எம் குடும்பங்கள் பலவற்றில் பல்கலைக்கழகத்தின் வாசலை முதன்முதலாக மிதிப்பவர் மூத்த பிள்ளையே. பெற்றோர் கைபிடித்துக் கூட்டிச் செல்ல வேண்டிய இடத்தில் பிள்ளையே பெற்றோருக்கு வழி சொல்ல வேண்டியிருக்கிறது.

தூரம் என்னவோ அதிகமில்லை. ஸ்ஃபெர்ராகவால்லோவிற் புகையிரதம் ஏறி ஓர்லெயான்ஸ் நிலையத்தில் இறங்கினால், 'வியாலே தெல்லே ஷியென்ட்ஸே' எனப்படும் பல்கலைக்கழக வளாகம் நடக்கும் தொலைவிலேயே உள்ளது. மருத்துவம் பயில்வோர் அதற்கடுத்த வெஸ்ப்ரி நிலையம் வரை செல்வர். (குதிரையின் இலாடம் கழலும் அளவுக்குக் கரடுமுரடான பாதை இருந்தமையாலே எம்மூருக்கு இப்பெயர் வந்ததென்று இங்குள்ள மீனவ முதியோர் சொல்வர். இன்று அப்பாதையில் எம் பிள்ளைகள் காதிற் பாட்டுக் கேட்டவாறு செல்கின்றனர்.) பாதை எளிதாயிற்று; உள்ளே யார் எதற்குப் பொறுப்பு என்பது எளிதாகவில்லை.

முதலில், முதற்பட்டம் என்றால் என்னவென்று சுருக்கமாகப் பார்ப்போம். 1999ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தின் பின்னர் இத்தாலியிலே பட்டப்படிப்பு இரண்டு படிகளாக அமைந்தது. முதற்படி மூன்றாண்டுகள், அதனை 'லாவுரேயா திரியென்னாலே' என்பர். அதன்மேல் இரண்டாண்டுகள் 'மஜிஸ்த்ராலே'. மருத்துவம், சட்டம், கட்டடக்கலை, மருந்தாக்கவியல் போன்றவை இடையில் முறிவின்றி ஒரே தொடராக ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் நடைபெறும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 180 கல்வி அலகுகள் வேண்டும். ஓர் அலகென்பது 25 மணிநேர உழைப்பு. வகுப்பில் இருக்கும் நேரமும் வீட்டிற் படிக்கும் நேரமும் அதனுள் அடங்கும். ஆண்டுக்கு 60 அலகுகள், அதாவது 1,500 மணிநேரம். ஒவ்வொரு பரீட்சைக்கும் புள்ளி முப்பதுக்கு. பதினெட்டு எடுத்தாற் சித்தி. இறுதிப் பட்டம் 110க்கு. "மகனுக்கு இருபத்தெட்டுத்தானாம்" என்று துயரப்பட்ட தந்தையொருவருக்கு நாம் இதனை விளக்கி ஆறுதல் சொன்னதுண்டு.

இக்கல்வியை ஒழுங்குசெய்யும் தலைவர் யார்? இதற்கு விடை காண, பல்கலைக்கழகத்தின் உச்சியிலிருந்தே தொடங்க வேண்டும்.

பியாட்ஸா மரீனாவிலே, கடலுக்கு அண்மையில், சதுரமாய் உயர்ந்து நிற்கும் பழங்கோட்டை போன்ற மாளிகையை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதன் பெயர் 'ஸ்தேரி'. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியாராமொன்தே என்னும் பிரபுக் குடும்பத்தார் கட்டத் தொடங்கியது. பின்னாளில், 1600 முதல் 1782 வரை, சமய விசாரணை மன்றம் இங்கே இருந்தது. அங்கே அடைக்கப்பட்ட கைதிகள் சிறைச் சுவர்களில் வரைந்த படங்களும் எழுதிய வரிகளும் இன்றும் உள்ளன. மாணவர்கள் ஒருமுறையேனும் சென்று பார்த்தல் வேண்டும். மனிதரை வாய்மூடச் செய்த அந்த மாளிகையிலேயே இன்று பல்கலைக்கழகத் தலைவரின் பணிமனை இருக்கிறது. எதிரேயுள்ள பூங்காவில் விழுதூன்றிப் பரந்து நிற்கும் மாமரத்தை எம் முதியோர் ஆலமரமென்றே சொல்லி, அதன்கீழ்ச் சற்று நின்றுவிட்டுத்தான் நடப்பார்கள். உண்மையில் அது அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த இனம். ஆலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்வோம்.

அம்மாளிகையில் இருப்பவரே 'ரெத்தோரே'. எமது நாட்டு வழக்கிலே துணைவேந்தர் என்று சொல்லத்தக்கவர். பலெர்மோப் பல்கலைக்கழகம் 1806இல் நிறுவப்பெற்றது. அணுநிறைகள் பற்றிய குழப்பத்தைத் தீர்த்த வேதியியலறிஞர் ஸ்தனிஸ்லாவோ கன்னிட்ஸாரோ இந்நகரிற் பிறந்தவர். இங்கே பேராசிரியராக இருந்தவர். ரெத்தோரே பதவியையும் வகித்தவர். 1937இல் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெர்ரியேரும் 43ஆவது மூலகமாகிய டெக்னீசியத்தைக் கண்டறிந்ததும் இங்கேதான். வேதியியல் பயிலும் மாணவர்களே, உங்கள் ஆவர்த்தன அட்டவணையில் ஒரு கட்டம் இந்த நகருக்குரியது.

செக்ரேயின் பெயர் வந்தமையால் ஒன்றைச் சொல்லாமற் செல்ல இயலவில்லை. மறு ஆண்டு, 1938இல், யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் வந்தன. அவர் யூதர், அப்போது அமெரிக்காவில் இருந்தார், இங்கிருந்த பதவியை இழந்தார். அக்காலத்திலே பல்கலைக்கழகத் தலைவரைப் பேராசிரியர்கள் தெரிவுசெய்யவில்லை. 1923இன் சீர்திருத்தத்தின்படி அமைச்சர் முன்மொழிய அரசரே நியமித்தார். 1931இல் பேராசிரியர் அனைவரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டுமென்று ஆணை பிறந்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட பேராசிரியருள் மறுத்தவர் பன்னிருவர் அளவிலேயே. மேலிருந்து நியமிக்கப்பட்ட தலைவர்களின் கீழே கீழிருந்து ஒரு குரல் எழுவது எத்துணை அரிதாயிற்று என்பதற்கு இதுவே சான்று. பாசிச ஆட்சி வீழ்ந்த பின்னரே ரெத்தோரேயைத் தேர்தலால் தெரிவுசெய்யும் வழக்கம் மீண்டது.

தேர்தல் வழக்கம் இந்நாட்டிற் புதிதன்று. வரலாற்றிற் பின்னோக்கிச் சென்றால் மாணவர்கள் மகிழத்தக்க செய்தியொன்று உண்டு. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகமென்று கொள்ளப்படும் பொலோஞ்ஞாவிலே, இடைக்காலத்தில், ரெத்தோரேயைத் தெரிவுசெய்தவர்கள் மாணவர்களே. தெரிவானவரும் ஒரு மாணவரே! பிறநாடுகளிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் சட்டம் பயில வந்தோர், அந்நகரில் உரிமையற்ற அந்நியராய் இருந்தமையாலே, தம்மைத் தாமே காத்துக்கொள்ளச் சங்கங்களாகக் கூடினர். வீட்டு வாடகையைப் பற்றியும் புத்தக விலையைப் பற்றியும் நகரத்தாரோடு பேரம் பேசினர். ஆசிரியர் நேரத்துக்கு வராவிடின், பாடத்தைக் குறித்த நாளில் முடிக்காவிடின், அவருக்குத் தண்டம் விதித்தனர். 'யூனிவேர்சித்தாஸ்' என்ற இலத்தீன் சொல் தொடக்கத்திற் குறித்தது கட்டடத்தையன்று, இத்தகைய கூட்டத்தையே. வந்தேறிகளாகிய மாணவர்கள் கூடி அமைத்ததே அப்பல்கலைக்கழகம் என்று சொல்வது மிகையாகாது. ஆசிரியருக்குத் தண்டம் விதிக்கும் பகுதியை மட்டும் எமது பள்ளிப் பிள்ளைகள் மறந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இனி இன்றைய நிலை. 2010ஆம் ஆண்டின் 240ஆம் இலக்கச் சட்டம் இத்தாலியப் பல்கலைக்கழகங்களின் ஆட்சியை மாற்றியமைத்தது. அதன்படி ரெத்தோரே ஆறாண்டுகள் பதவி வகிப்பார்; மீண்டும் போட்டியிட முடியாது. இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் முதனிலைப் பேராசிரியர்களுள் ஒருவராக இருத்தல் வேண்டும். அதே பல்கலைக்கழகத்தவராக இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. தேர்தலை அறிவிப்பவர் 'தெக்கானோ' எனப்படுபவர், அதாவது பேராசிரியருள் சேவையில் மூத்தவர். (இச்சொல்லைக் கேட்டு எமது நாட்டுப் பீடாதிபதியை நினைத்துக் குழம்பலாகாது.) வேட்பாளர்கள் தம் திட்டத்தை எழுத்தில் வெளியிடுவர். பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் வாக்களிப்பர். அலுவலகப் பணியாளரின் வாக்குகள் ஒரு விகிதப்படி குறைத்து எண்ணப்படும். மாணவர் பிரதிநிதிகளும் வாக்களிப்பர். விகிதம் எவ்வளவு, எந்தெந்தப் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமை என்பவற்றை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் யாப்பு வகுக்கும். வென்றவரை அமைச்சு முறைப்படி நியமிக்கும். பதவியேற்று இரண்டாண்டுகள் கழிந்த பின்னர், மூதவை மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவோடு நம்பிக்கையில்லாப் பிரேரணையை வாக்காளர்முன் வைக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

ரெத்தோரே ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஆராய்ச்சி, வெளிநாட்டுத் தொடர்பு, நிதி, கல்வி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேராசிரியரைத் தமக்குத் துணையாக நியமிப்பார். அவர்களுக்குப் 'புரோரெத்தோரே' அல்லது 'தெலேகாத்தோ' என்று பெயர். அவர்களுள் 'தீதாத்திக்கா' என்னும் கற்பித்தற்றுறைக்குப் பொறுப்பானவரே, கூட்டத்தில் எழுந்த தாயின் கேள்விக்கு மிக அண்மையில் வரும் விடை. முதற்பட்டக் கல்வி முழுவதையும் மேலிருந்து ஒழுங்குசெய்பவர் அவரே.

இப்பதவி ஏன் இத்துணை முக்கியமாயிற்று என்பதற்கு ஒரு காரணமுண்டு. முன்னர் 'ஃபக்கோல்தா' எனப்பட்ட பீடங்கள் இருந்தன. ஒவ்வொரு பீடத்துக்கும் 'பிரெசிதே' ஒருவர். அவரைப் பேராசிரியர்கள் தெரிவுசெய்வர். பாடநெறி, நேரசூசி, பரீட்சை எல்லாம் அவர் கையில். மாணவருக்கும் அவரைத் தெரியும். 2010இன் சட்டம் பீடங்களின் பொறுப்புகளைத் துறைகளுக்கு மாற்றிற்று. ஆராய்ச்சிக்கென இருந்த 'திபார்த்திமென்தோ'க்களே கற்பித்தலையும் ஏற்றன. பீடத்தோடு பிரெசிதேயும் மறைந்தார். ஆராய்ச்சியிலே பெயரும் நிதியும் வரும். முதலாமாண்டு மாணவருக்கு அடிப்படைக் கணிதம் கற்பித்தால் ஒருவரும் மாலை போடுவதில்லை. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தபோது, கற்பித்தலின் பக்கம் நின்று பேச நடுவில் ஒருவர் வேண்டியவரானார். எம் தாய்மார் பிரெசிதேயைத் தேடுவது பிழையன்று. அவர் இருந்த இடத்தைச் சட்டம் கலைத்துவிட்டது.

இத்தகைய தேவை இத்தாலிக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் சிலவும் முதற்பட்டக் கல்விக்கெனத் தனியே ஒரு துணைத் தலைவரை வைத்திருக்கின்றன. ஸ்டான்போர்டிலே 2020இல் அப்பதவிக்கு வந்தவர் சாரா சேர்ச் என்னும் பௌதிகப் பேராசிரியை. அங்கே பெரும்பாலும் தேடற்குழுவொன்று பெயர்களை ஆராய்ந்து முன்வைக்க, மேலதிகாரி நியமிப்பார், தேர்தல் இல்லை.

எமது தாயகத்தின் முறையையும் இளந்தலைமுறையினர் அறிதல் நன்று. யாழ்ப்பாண வளாகம் 1974இலே, இலங்கைப் பல்கலைக்கழகம் என்னும் ஒரே அமைப்பின் ஒரு வளாகமாகத் தொடங்கிற்று. சேர். பொன். இராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி அதன் இல்லமாயிற்று. விஞ்ஞான பீடம் தொடக்கத்தில் வட்டுக்கோட்டையில் இயங்கிற்று. அதன் முதல் தலைவராக நியமனம் பெற்றவர் பேராசிரியர் க. கைலாசபதி. தினகரன் ஆசிரியராக இருந்தவர். பேர்மிங்காமிலே பண்டைத் தமிழ் வீரயுகப் பாடல்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். அப்போது வயது நாற்பத்தொன்று. அவருக்குப்பின் 1977இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைவரானார். நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். 1978இன் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி, 1979 சனவரி முதலாந் திகதி யாழ்ப்பாணம் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரும் அவரே.

அச்சட்டத்தின் வழியில் துணைவேந்தர் தெரிவு மூன்று படிகளிற் செல்லும். பல்கலைக்கழகப் பேரவை மூன்று பெயர்களை முன்வைக்கும். மானியங்கள் ஆணைக்குழு விதந்துரைக்கும். சனாதிபதி அவர்களுள் ஒருவரை மூன்றாண்டுகளுக்கு நியமிப்பார். கடைசிக் கை கொழும்பிலே இருக்கிறது. ஆயினும் முதற்பட்டக் கல்வியை நாளாந்தம் நடத்தும் பீடாதிபதியை அந்தப் பீடச் சபையே தன்னுள்ளிருந்து தெரிவுசெய்யும். அச்சபையில் மாணவர் இருவருக்கும் இடமுண்டு. இங்கோ நிலைமை தலைகீழ்! உச்சியில் இருப்பவர் தேர்தலால் வருகிறார். கற்பித்தலுக்குப் பொறுப்பானவர் அவரது நியமனத்தால் வருகிறார். எது சிறந்ததென்று எம்மைக் கேட்டால், மாணவருக்கு அண்மையில் இருக்கும் பதவி தேர்தலால் வருவதே நல்லதென்போம். ஆனால் முறை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அ. துரைராசா மண்பொறியியலில் உலகறிந்தவர். போர்க்காலத்தில் எரிபொருள் இல்லாதபோது சைக்கிளிலே பல்கலைக்கழகம் சென்றவர். அவரும் மேலிருந்து நியமனம் பெற்றவரே. எம் பெற்றோர் பலர் அவர் பெயரை இன்றும் எழுந்து நின்று சொல்வது போன்ற குரலிற் சொல்வர்.

கற்பித்தற்றுறைப் புரோரெத்தோரே இங்கே என்ன செய்கிறார்? எப்பாடநெறிகளைத் திறப்பது, எதனை மூடுவது, கல்வி நாட்காட்டி எப்போது தொடங்குவது, பரீட்சைத் தவணைகள் எத்தனை, நுழைவிலே குறைபாடு காணப்பட்ட மாணவருக்கு மேலதிகப் பாடங்களை எவ்வாறு கொடுப்பது, லிச்சேயோ மாணவருக்கு வழிகாட்டுவது எப்படி என்பவை அவர் முன்வைத்து மூதவைக்கும் ஆட்சிச் சபைக்கும் கொண்டுசெல்பவை. இறுதி முடிவு அவ்வவைகளுடையது, முன்மொழிவு அவருடையது. முன்மொழிபவரின் கைக்கு இருக்கும் வலிமையைக் கூட்டம் நடத்திப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அவர் கைக்கு எட்டாதனவும் உள்ளன. மருத்துவ அனுமதி அவற்றுள் ஒன்று. எம் வீடுகளில் மருத்துவம் என்ற சொல் எவ்வளவு ஒலிக்கிறதென்று சொல்லத் தேவையில்லை. 2025ஆம் ஆண்டு பழைய நுழைவுப் பரீட்சைக்குப் பதிலாகத் திறந்த அரையாண்டு முறை கொண்டுவரப்பட்டது. விரும்பியோர் அனைவரும் பதிவுசெய்து, உயிரியல், வேதியியல், பௌதிகம் ஆகிய மூன்றிலும் தோற்றி, நாடளாவிய வரிசையில் இடம்பெற்றாலே தொடரலாம். இது உரோமாபுரியில் எடுக்கப்பட்ட முடிவு. பலெர்மோவில் யார் வந்தாலும் மாற்ற இயலாது. ஆனால் அந்த அரையாண்டில் மாணவருக்கு இருக்கை உண்டா, துணை வகுப்பு உண்டா என்பன பெரிதும் உள்ளூர் ஒழுங்கைப் பொறுத்தவை.

இவ்விடத்தில் எமக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், இத்தாலியில் ஓரிடம். முதலாமாண்டிலே அவளுக்கு இரண்டு கட்டாயப் பரீட்சைகள் ஒரே நாளில், ஒரே மணியில் வந்தன. அலுவலகத்துக்குப் போனாள், ஆசிரியரிடம் போகச் சொன்னார்கள். ஆசிரியர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். மூன்றாம் முறை போக அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்றை விட்டாள். அடுத்த தவணையில் அதையும் புதியவற்றையும் சேர்த்துத் தூக்க முடியாமற் போயிற்று. ஆண்டிறுதியில் அலகுகள் குறைந்தன. அதனோடு கல்வி உதவித்தொகையும் போயிற்று. தாயிடம் சொல்லவில்லை. நான்கு மாதம் காலையில் வழமைபோற் புறப்பட்டு, நகரத்திலே சுற்றிவிட்டு மாலையில் வீடு திரும்பினாள். தாய் ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை படிப்பைக் கைவிட்டதை வேறொருவர் சொல்லித்தான் தாய் அறிந்தார்.

அவளுக்கு வழி இல்லாமற் போகவில்லை. வழி தெரியாமற் போயிற்று. ஒவ்வொரு பட்டநெறிக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் உண்டு. ஒரே நாளில் இரு பரீட்சை என்றால் முதலிற் செல்ல வேண்டியது அவரிடம். அங்கே தீராவிடின் 'கொமிஸ்ஸியோனே பரித்தேத்திக்கா' என்றொரு குழு இருக்கிறது. ஆசிரியர் எத்தனை பேரோ மாணவரும் அத்தனை பேர் அதில் இருக்க வேண்டுமென்பது சட்டம். கற்பித்தலின் தரத்தைக் கவனித்துக் குறைகளை எழுத்தில் மேலே அனுப்புவது அதன் வேலை. அவ்வறிக்கைகள் சென்று சேரும் பாதையிலேதான் கற்பித்தற்றுறைப் புரோரெத்தோரே இருக்கிறார். ஆண்டுதோறும் ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவரின் கருத்தைக் கேட்கும் வினாக்கொத்தும் சட்டப்படி உண்டு. பரீட்சைக்குப் பதியும் அவசரத்தில் எம் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே விடையை அழுத்திவிட்டுப் போகிறார்கள் என்பதை அவர்களே எம்மிடம் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டனர். அந்தச் சிரிப்பு எமக்கு வரவில்லை.

இக்குழுக்களிலும் சபைகளிலும் இருக்கும் மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? மாணவர் தேர்தலிலிருந்து. பதவிக்காலம் இரண்டாண்டுகள், ஒருமுறை புதுப்பிக்கலாம். சபைகளில் மாணவர் பங்கு நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறையலாகாது. போட்டியிடுபவர் படிப்புக் காலத்தைத் தாண்டி ஓராண்டுக்கு மேற் பின்தங்கியவராய் இருத்தலாகாது. வாக்களிக்கப் பதிவுபெற்ற மாணவராய் இருத்தலே தகுதி. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று ஒருவரும் கேட்பதில்லை.

இது எமக்கு எத்துணை பெரிய செய்தி என்பதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். 1992இன் குடியுரிமைச் சட்டத்தின்படி, இங்கே பிறந்து இடையறாது வாழ்ந்த பிள்ளை பதினெட்டு வயது நிறைந்த பின்னரே, அதுவும் ஓராண்டுக்குள், குடியுரிமைக்கு விருப்பந் தெரிவிக்கலாம். சிறுவயதில் எம்மோடு வந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. குடியுரிமைக்கு வேண்டிய வதிவுக் காலத்தைப் பத்தாண்டிலிருந்து ஐந்தாகக் குறைக்கக் கோரி 2025 யூனில் நடந்த பொதுவாக்கெடுப்பும், போதிய அளவு வாக்காளர் பங்குபற்றாமையாற் செல்லாது போயிற்று. ஆகவே ஸ்ஃபெர்ராகவால்லோவிலே வளர்ந்து, இந்தக் கடலில் நீந்தப் பழகி, பலெர்மோக்காரரைப் போலவே இத்தாலி மொழி பேசும் எம் பிள்ளைகள் சிலருக்கு நகர முதல்வரைத் தெரிய வாக்கில்லை. பாராளுமன்றத்துக்கும் இல்லை. பெற்றோராகிய எம்மில் பலர் முப்பதாண்டுகள் இங்கு வரி செலுத்தியும் வாக்குச்சீட்டைக் கையால் தொட்டதில்லை. அந்தப் பிள்ளைகள் முதன்முதலில் ஒரு பெட்டியில் வாக்கிடத்தக்க இடம் பல்கலைக்கழகமாகவே இருக்கக்கூடும். அவர்கள் தெரிவுசெய்யும் பிரதிநிதி ரெத்தோரே தேர்தலில் வாக்களிப்பார். அந்த ரெத்தோரே கற்பித்தற்றுறைக்கு ஒருவரை நியமிப்பார். இரண்டு பரீட்சைகள் ஒரே மணியில் வராமற் பார்க்க வேண்டிய கடைசி ஆள் அவர்.

பிரதிநிதிகளின் வாக்குத்தொகை பேராசிரியரின் தொகையோடு பார்க்கச் சிறிது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நியமனத்தில் நேரடி உரிமையும் மாணவருக்கு இல்லை. ஆயினும் வேட்பாளர்கள் திட்டத்தை எழுதும்போதே மாணவர் சங்கங்களைச் சந்திக்க வருவர். 'கற்பித்தலுக்கு யாரை வைக்கப் போகிறீர்கள்? முதலாமாண்டில் இடைவிலகுவோரைப் பற்றி என்ன செய்வீர்கள்?' என்று கேட்க வேண்டிய காலம் அதுவே. நியமனம் முடிந்த பின்னர்க் கேட்பது பந்தி முடிந்தபின் இலை போடுவது போன்றது.

சில குறிப்புகளைப் பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டும். இத்தாலியப் பள்ளியில் மத்துரித்தா முடித்த பிள்ளை, கடவுச்சீட்டு எதுவாயினும், இத்தாலிய மாணவரோடு சமமாகவே அனுமதி பெறும். வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான தனி ஒதுக்கீட்டிலே சேர வேண்டியதில்லை. அவ்வாறு யாரேனும் சொன்னால் மீண்டும் ஒருமுறை விசாரிக்க. கட்டணமும் உதவித்தொகையும் குடும்ப வருமானத்தைக் காட்டும் 'ஈசே' பத்திரத்தைப் பொறுத்தவை. அதனை வேளைக்கு எடுத்துவைத்தல் தந்தையரின் பணி. உதவித்தொகையும் விடுதியும் பல்கலைக்கழகத்துக்கு வேறான 'எர்சு' என்னும் நிறுவனத்தின் பொறுப்பு. அங்கே போக வேண்டிய கேள்வியை ஸ்தேரிக்குக் கொண்டுபோவதிற் பயனில்லை.

2021இலே பதவியேற்ற ரெத்தோரே மாஸ்ஸிமோ மிதிரி ஒரு கதிரியக்க மருத்துவப் பேராசிரியர். சட்டம் வகுத்த ஆறாண்டுகளின்படி அவரது காலம் 2027இல் நிறைவுறும். அவருக்கு முன்னர் 2015 முதல் ஃபப்ரீட்ஸியோ மிக்காரியும், அவருக்கும் முன்னர் ரொபேர்த்தோ லகால்லாவும் இருந்தனர். லகால்லா பின்னர் 2022இல் பலெர்மோ நகர முதல்வராகத் தெரிவானார். புதியவர் வரும்போது புரோரெத்தோரேக்களும் புதிதாக நியமிக்கப்படுவர்.

கேள்வி கேட்ட தாயைப் பிறிதொரு சனிக்கிழமை பள்ளி வாசலிற் கண்டு இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப முதல் போக வேண்டியது அந்தக் கோர்டினேத்தோரேயிட்டை" என்று திருப்பிச் சொல்லி, அப்பெயரைத் தம் கைப்பையிலிருந்த துண்டுக் கடிதத்திலே தமிழில் எழுதி வைத்துக்கொண்டார். மகள் இவ்வாண்டு லிச்சேயோவின் இறுதி வகுப்பில் இருக்கிறாள்.